அட்டாச்டு பாத்ரூமின் அமைப்பை மாற்றுதல்: கழிவுக் குழாயில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

சென்னை அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை பெரும்பாலும் எட்டடிக்கு ஐந்தடிதான். கதவைத் திறந்ததும் வாஷ் பேசின், நடுவில் ஷவர், கடைசியில் டக்ட் (மாடிகளின் குழாய்கள் இறங்கும் செங்குத்துச் சந்து) பக்கச் சுவரை ஒட்டி டாய்லெட். ஒருவர் குளித்து முடித்த பிறகு டாய்லெட் போகிறவர் ஈரத்தை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் கூத்து பதினாறு ஆண்டுகள் நடந்தது. வயதான என் தாயார் ஒருநாள் வழுக்கிச் சுவரைப் பிடித்து நின்றதற்குப் பிறகுதான் உடைக்கத் துணிந்தேன்.

அதன்பின் உறவினர் வீடுகள் மூன்றில் இதே வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். மூன்று வீட்டுக்காரர்களும் டைல்ஸ் கடையில்தான் தொடங்கினார்கள். அமைப்பு மாற்றத்தில் டைல்ஸ் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற விஷயம். தரைக்குக் கீழே ஓடும் நாலரை அங்குலக் குழாய் எங்கே போக முடியும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் அமைந்தது. எடுத்துக்காட்டு முழுக்க எங்கள் எட்டுக்கு ஐந்து அறைதான். உங்கள் அளவுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் கீழ்வீட்டுக்குப் போங்கள்

டேப்பை எடுக்கும் முன்பே கீழ்வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் குளியலறையின் கூரையைப் பாருங்கள். அங்கே உங்கள் கழிவுக் குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தால் உங்கள் தளம் சமதளம். டாய்லெட்டை நகர்த்துவதென்றால் காங்கிரீட்டில் புதிதாகத் துளையிட்டு, அவர்கள் கூரையின் கீழ் புதிய குழாய் ஓட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், அதில் தவறும் இல்லை. அந்த வீடுகளில் டாய்லெட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேசின், ஷவர், கதவு மூன்றையும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குழாய் எதுவும் தெரியாமல் உங்கள் குளியலறைக்கு நேர்கீழே மட்டும் கூரை தாழ்ந்திருந்தால் அது சங்கன் ஸ்லாப். தளத்தைப் பள்ளமாக வார்த்து, அதற்குள் குழாய் ஓட்டி, மேலே நிரப்பியிருப்பார்கள். பள்ளம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு அங்குலம் வரை இருக்கும். இதில் டாய்லெட்டை நகர்த்தலாம், ஒரு கணக்குக்கு உட்பட்டு. அது மூன்றாம் படியில் வருகிறது.

கீழ்க்கூரையை அப்போதே தேதியோடு படம் எடுத்து, அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஈரக்கறைக்கு வேலை தொடங்கிய மறுநாள் நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி, இடிபாட்டு மூட்டைகளை எந்த நேரத்தில் எப்படி இறக்கலாம் என்ற விவரம் இரண்டையும் இதே வாரத்தில் வாங்கிவிடுங்கள்.

2. அளவு எடுங்கள், பிறகு குறையுங்கள்

ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரங்களில் அளக்க வேண்டும்: தரையை ஒட்டி, இடுப்புயரத்தில், தலைக்கு மேல். பழைய கட்டடத்தில் இந்த மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. மூலைக்கு மூலையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் வேறுபட்டால் அறை கோணல். டைல்ஸ் ஒட்டும்போது ஒரு பக்கம் ஆப்பு வடிவத்தில் துண்டு வரும். அது கண்ணில் படாத மூலைக்குப் போகும்படி இப்போதே யோசிக்கலாம்.

செங்கலுக்குச் செங்கல் எடுத்த அளவில் பூச்சுக்கும் டைல்ஸுக்குமாகப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கழியுங்கள். எட்டடி என்பது 94 அங்குலம், ஐந்தடி என்பது 58 அங்குலம். இனி எல்லாக் கணக்கும் இந்த முடிந்த அளவில்தான். இரண்டு அங்குலத்தில் என்ன போயிற்று என்று நினைத்த என் மைத்துனர் வாங்கிய அலமாரி பேசின், கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றது.

3. டாய்லெட் எங்கே என்பதைக் குழாயிடம் கேளுங்கள்

டாய்லெட்டிலிருந்து போகிற 110 மி.மீ. குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். அதற்குக் குறைந்தால் கழிவு தங்கும். மிக அதிகமானாலும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், கட்டி பின்தங்கும். "வாட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று சொல்கிற பிளம்பரிடம் நயமாக மறுத்துவிடுங்கள்.

குழாய் சுவரைத் துளைத்து டக்டுக்குள் வெளியேறும் இடத்தின் உயரத்தை மாற்ற முடியாது. அங்கே எல்லா மாடிகளுக்கும் பொதுவான நெடுங்குழாயின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கணக்கை அந்தத் துளையிலிருந்து பின்னோக்கி, மேல்நோக்கிப் போட வேண்டும். எங்கள் புதிய டாய்லெட் துளையிலிருந்து சுமார் ஐந்தடி தள்ளி வந்தது. ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குல ஏற்றம். பள்ளம் பத்து அங்குலம். மேலே டைல்ஸும் அதன் படுகையும் இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எட்டு. குழாய்க்கு நாலரை, வாட்டத்துக்கு ஒன்றேகால் போனாலும் வளைவைப் பொருத்த இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தது. சரிப்பட்டது.

இந்தக் கூட்டல் சரிப்படாவிட்டால் பிளம்பர் ஒரு குறுக்குவழி சொல்வார். குளியலறைத் தரையையே மூன்று அங்குலம் உயர்த்திவிடலாம் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். படுக்கையறையிலிருந்து ஏறிப்போகிற குளியலறையில் இரவில் தடுக்கி விழுவார்கள். தண்ணீரும் வெளியேதான் வரும். டாய்லெட்டை அந்தத் துளைப் பக்கமாக ஓரடி பின்னுக்குத் தள்ளுங்கள்.

பீமை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது. குழாய் போகிற வழியில் பீம் வந்தால் வழியை மாற்றுங்கள்.

4. மொட்டை மாடியில் சாக்பீஸால் வரையுங்கள்

காகிதத்தில் எல்லாமே அடங்கும். அதனால் முடிந்த அளவில், 94-க்கு 58 அங்குலத்தில், மாடித் தரையில் ஒரு செவ்வகம் போடுங்கள். எங்கள் பங்கீடு இது: கதவு ஒரு குறுஞ்சுவரில், நுழைகிறவருக்கு இடப்பக்க நெடுஞ்சுவரில் எல்லாச் சாதனங்களும், வலப்பக்கம் முழுக்க நடைவழி. கதவிலிருந்து உள்நோக்கி பேசினுக்கு 28 அங்குலம், டாய்லெட்டுக்கு 30, கடைசியில் ஜன்னலோரம் குளிக்கும் இடத்துக்கு 36. கூட்டினால் 94. ஓர் அங்குலம்கூட வீணில்லை, ஆனால் எதுவும் நெருக்கமும் இல்லை.

டாய்லெட்டுக்கு 30 என்பது நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம். இதற்குக் குறைந்தால் முழங்கை இடிக்கும். டாய்லெட் கோப்பை சுவரிலிருந்து 28 அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் முன்னால் 30 அங்குலம் மிஞ்சும். கால் வைக்கவும் ஆள் கடந்துபோகவும் அது போதும்.

செவ்வகத்தில் டாய்லெட் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள். குளிக்கும் இடத்தில் வாளி, குவளை, எண்ணெய்க் குளியலுக்கான முக்காலி மூன்றையும் வைத்து, குனிந்து மொண்டு பாருங்கள். ஷவர் மாட்டிய வீடுகளிலும் வாளி போவதில்லை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து இரண்டரை அடியில் கண்ணாடிக் கூண்டு அமைத்தவர்கள், வாளியைக் கூண்டுக்கு வெளியே வைத்துக் குளிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கதவையும் வரையுங்கள். 30 அங்குலக் கதவு உள்நோக்கித் திறந்தால் கால்வட்டம் போடும். எங்கள் பழைய கதவின் கீல் இடப்பக்கம் இருந்தது. புதிய அமைப்பில் கதவு பேசினில் மோதும் என்பது சாக்பீஸ் வட்டம் போட்டபோதுதான் தெரிந்தது. கீலை வலப்பக்கத்துக்கு மாற்றியதும் கதவு நடைவழிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. முதியவர் இருக்கிற வீட்டில் வெளியே திறக்கும் கதவே மேல். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோடு சாய்ந்து கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. எங்கள் படுக்கையறையில் கட்டில் இடம் கொடுக்கவில்லை. அதனால் வெளியிலிருந்தும் நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம்.

வாஸ்து பார்க்கிற வீடாக இருந்தால் அதைப் பார்ப்பவரை இந்தச் செவ்வகத்தின் மேல் நிற்கவைத்துக் கேட்டுவிடுங்கள். நம்பிக்கை உங்கள் விருப்பம். குழாய் பதித்த பிறகு வருகிற மாமனார் "தெற்கு பார்த்தல்லவா உட்கார வேண்டும்" என்றால் செலவு இரட்டிப்பு.

5. உடைக்கும் முன் வாங்குங்கள்

புதியவர்கள் அதிகம் பணம் விடுகிற இடம் இது. குழாய் வேலை முடிந்தபின் நிதானமாகக் கடைக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனக்கென்று ஓர் அளவுத்தாள் உண்டு. குழாய் அதற்குப் பணிய வேண்டும்.

டாய்லெட்டில் இரண்டு வகை. கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், பின்சுவருக்குள் போனால் பி டிராப். எஸ் டிராப்பில், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைத்துளையின் மையம் வரை 4, 9, 12 அங்குலம் என்று வெவ்வேறு மாதிரிகள் வரும். 9 அங்குலத்துக்குக் குழாய் இறக்கிவிட்டு, கடையில் தள்ளுபடியில் கிடைத்த 12 அங்குலக் கோப்பையை வாங்கினால் அது சுவருக்குள் மூன்று அங்குலம் புகுந்தாக வேண்டும். தலைகீழாக நடந்தால் பின்னால் மூன்று அங்குலச் சந்து விழும். அதில் சேரும் அழுக்கைத் துடைக்கக் கை போகாது. இரண்டாவது தவறு என்னுடையது, வேறொரு குளியலறையில். இன்றும் பழைய பல்துலக்கியைக் கம்பியில் கட்டித்தான் சுத்தம் செய்கிறேன்.

சுவரில் தொங்கும் கோப்பை வேண்டுமென்றால் சுவரின் கனத்தைப் பாருங்கள். அறைகளுக்கு இடையிலான நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து தண்ணீர்த் தொட்டியின் சட்டத்தைப் புதைக்கக் கூடாது. சட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு சிறு சுவர் எழுப்ப வேண்டும். அது அறையில் ஆறேழு அங்குலம் தின்னும்; 58 அங்குல அகலத்தில் எங்களுக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகவில்லை.

டைவர்ட்டரின் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ வாளிக் குழாய்க்கோ திருப்பும் சாதனம்) சுவருக்குள் பதியும் உள்ளுடல், பேசின், குழாய்கள், தரை டிராப்கள், கீசர் எல்லாம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். டைல்ஸ் கணக்கு எளிது. சுற்றளவு 26 அடி, ஏழடி உயரம் என்றால் 182 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 165. தரை 40. மொத்தம் 205, வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி 225. மிஞ்சுவதில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே வண்ணத்தில் கேட்டால் கடையில் சிரிப்பார்கள்.

மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்த் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் என்றால் 0.2 பார். தட்டு அளவுள்ள மழைத்தாரை ஷவரை மாட்டினால் மூக்கு ஒழுகுகிற மாதிரிதான் வரும். பிரஷர் பம்ப் வைக்கும் எண்ணமிருந்தால் அதற்கான மின் இணைப்பும் திட்டத்தில் இப்போதே சேர வேண்டும்.

6. உடைத்தல்

உடைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாக் கழிவுத் துளைகளையும் மூடி போட்டு, மேலே சாக்கைத் திணித்துக் கட்டுங்கள். ஒரு கைப்பிடி சிமெண்ட் கட்டி நெடுங்குழாயில் விழுந்து வளைவில் உட்கார்ந்தால், முதல் மாடிக்காரர் வீட்டில் கழிவு எதிர்த்து வரும். பிறகு அடுக்குமாடி முழுக்க உங்களைத் தெரியும்.

இடித்ததை அன்றன்றே மூட்டை கட்டி இறக்குங்கள். பத்து அங்குலப் பள்ளத்தில் இருந்த நிரப்பு மட்டுமே எங்களுக்கு ஒன்றரை டன்னுக்குக் கிட்டே வந்தது. அதைப் படுக்கையறைத் தளத்தின் ஒரு மூலையில் குவித்துவைப்பது தளத்துக்கு நல்லதல்ல.

நிரப்பை அள்ளும்போது அதன் ஈரத்தைக் கவனியுங்கள். அடியில் சேறாக இருந்தால் பல ஆண்டுகளாக ஏதோ கசிந்திருக்கிறது. தளத்தின் கம்பி வெளியே தெரிந்து துருவேறியிருந்தால் வேலையை நிறுத்திக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். அதற்கு மேல் பூசி மறைப்பது கீழ்வீட்டார் தலையில் காரையைக் கொட்டுகிற காரியம்.

7. பள்ளத்துக்குள்: முதல் நீர்க்காப்பு, பிறகு கழிவுக் குழாய்

வெற்றுத் தளம் தெரிந்ததும் குழாய் போட ஆள் அவசரப்படுவார். தடுத்து நிறுத்துங்கள். தளமும் சுவரும் சேரும் மூலைகளைச் சிமெண்ட் கலவையால் குழிவாக உருட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு கை பூச வேண்டும். முதல் கை நெடுக்கில், இரண்டாவது கை குறுக்கில். அப்போதுதான் தூரிகை விட்ட இடம் மூடும். பூச்சு காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள்.

இதன் பிறகு கழிவுக் குழாய். வளைவுகளில் 90 பாகை முழங்கையைத் தவிர்த்து, இரண்டு 45 பாகை வளைவுகளாகப் போடச் சொல்லுங்கள். அடைப்பு எடுக்கும் கம்பி அப்போதுதான் உள்ளே போகும். வாட்டத்தை ரசமட்டம் வைத்து நீங்களே சரிபாருங்கள். குழாய்க்கு அடியில் செங்கல் துண்டுகளால் முட்டுக் கொடுத்துக் கலவையால் உட்கார வைத்தபின் மறுபடியும் ஒருமுறை பாருங்கள். நிரப்புகிறபோது மிதித்து, வாட்டம் மாறிப்போவது வழக்கம்.

தரைத் துளைகள் இரண்டு வேண்டும்: குளிக்கும் இடத்தில் ஒன்று, பேசினும் டாய்லெட்டும் உள்ள உலர் பகுதியில் ஒன்று. இங்கே பலரும் கோட்டைவிடுகிற நுட்பம் ஒன்று இருக்கிறது. நஹானி டிராப்பில் (தரைத் துளைக்கு அடியில் பொருத்தும் கிண்ணம்) தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கு மூடி. உலர் பகுதியில் தண்ணீர் போகாததால் அந்த மூடி சில வாரங்களில் ஆவியாகிவிடும்; புத்தம்புதிய குளியலறை நாற ஆரம்பிக்கும். வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. பேசினின் கழிவை இந்த உலர் பகுதி டிராப்புக்குள் கொண்டுவந்து விடுங்கள். தினமும் கை கழுவுகிற தண்ணீரே மூடியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து டக்டுக்கு ஒரு சிறு கசிவுக் குழாயும் விடச் சொல்லுங்கள். நாளை உள்ளே எங்காவது ஒழுகினால் அது கீழ்வீட்டுக் கூரையில் தெரியும் முன் டக்டில் சொட்டும்.

8. மட்டக்கோடு, தண்ணீர், மின்சாரம்

கொத்தனாரை அழைத்து நான்கு சுவரிலும் ஒரு மட்டக்கோடு அடிக்கச் சொல்லுங்கள். முடிந்த தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரம் என்று அதன் அருகே எழுதுங்கள். இனி எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்துதான். கோடு இல்லாத வீடுகளில் பிளம்பர் பள்ளத்தின் அடியிலிருந்து அளப்பார், எலக்ட்ரீஷியன் பழைய தரையிலிருந்து அளப்பார், டைல்ஸ்காரர் தன் கண்ணால் அளப்பார்.

எங்கள் உயரங்கள், முடிந்த தரையிலிருந்து: பேசின் விளிம்பு 32 அங்குலம், டைவர்ட்டர் மூன்றரை அடி, ஷவர் கை ஏழடி. வாளிக் குழாய்க்கு, உங்கள் வீட்டு வாளியைக் கொண்டுவந்து வைத்து அதற்கு மேல் ஒரு சாண் விடுங்கள். ஷவரின் தாரை குளிக்கும் இடத்தின் திறப்பை நோக்கி விழக் கூடாது. நாங்கள் இடப்பக்கச் சுவரில் வைத்தோம். ஹெல்த் ஃபாசெட் உட்கார்ந்தவரின் வலக்கைப் பக்கம். இதைச் சொல்லாவிட்டால் பிளம்பர் தனக்குக் குழாய் மிச்சமாகிற பக்கம் வைத்துவிட்டுப் போவார்.

வெந்நீருக்கு சிபிவிசி (சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயும் அதற்குரிய பசையும் மட்டுமே. சாதாரணப் பிவிசி பசையை அதில் தடவுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டப்பாவை வாங்கிப் படியுங்கள். இடது வெந்நீர், வலது தண்ணீர். சுவரில் குழாய் புதைக்க வெட்டும் காடி நேர்மேலாகவும் நேர்கிடையாகவும் போகட்டும், சாய்வாக வேண்டாம். பிற்பாடு ஆணி அடிக்கிறவருக்குக் குழாய் எங்கே என்று ஊகிக்க முடிய வேண்டும்.

காடியை மூடும் முன் எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று இரவு முழுக்க விடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்து ஒட்டிவைத்து, எண்கள் தெரியும்படி படம் எடுங்கள்.

கீசரை உலர் பகுதிக்கு மேலே மாட்டுங்கள். 2 கிலோவாட் கீசருக்கு 16 ஆம்பியர் இணைப்பு, தனி வயர், தனி எம்சிபி (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேரும் அறை இது. எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் உங்கள் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும்.

9. நிரப்பு, மேல்தளம், இரண்டாவது நீர்க்காப்பு

பழைய இடிபாட்டையே திரும்பக் கொட்டாதீர்கள். காற்றுக் குமிழிகள் கொண்ட இலேசான ஏஏசி காங்கிரீட் கல் துண்டுகளை இட்டு நிரப்பினால் தளத்தின் மேல் ஏறும் எடை பாதிக்கும் கீழே வரும். அதன் மேல் காங்கிரீட் படுகை, அதிலேயே துளைகளை நோக்கி வாட்டம்.

படுகையின் மேல் இரண்டாவது நீர்க்காப்பு. தரை முழுக்க, எல்லாச் சுவரிலும் ஓரடி உயரம், குளிக்கும் இடத்தில் ஏழடி வரை. குழாய் தரையைத் துளைத்து வருகிற இடத்தைச் சுற்றியும் மூலைகளிலும் கண்ணாடி இழை வலையைப் பூச்சுக்குள் வைத்துப் பதியுங்கள். விரிசல் முதலில் தோன்றுவது அங்கேதான். மறுபடியும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். "போன வாரம்தானே கட்டினோம்" என்பார் மேஸ்திரி. போன வாரம் சோதித்தது அடிப்பூச்சை.

10. டைல்ஸ்

சுவருக்கு முதலில், ஆனால் அடிவரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து. பிறகு தரை. கடைசியில் அடிவரிசை, தரை டைல்ஸின் மேல் உட்காரும்படி. இந்த ஒழுங்கில் போட்டால் சுவரில் வழிகிற தண்ணீர் மூலைச் சந்துக்குள் போகாமல் தரைக்கு வரும். தரையின் வாட்டத்துக்கு ஏற்றபடி அடிவரிசையைச் சீவிக்கொள்ளவும் முடியும்.

குளிக்கும் இடத்தில் இரண்டடி டைல்ஸ் வேண்டாம். நான்கு பக்கமிருந்தும் ஒரு துளைக்கு வாட்டம் கொடுக்கப் பெரிய கல் வளைந்து கொடுக்காது. ஓரடிக் கல்லோ அதைவிடச் சிறியதோ, சொரசொரப்பானதாகப் போடுங்கள். பெரிய கல்தான் வேண்டுமென்றால் துளையைச் சுவரோரம் நீளவாக்கில் வைத்து, தரையை ஒரே பக்கமாகச் சாய்த்துவிடலாம். 36 அங்குலத்துக்கு அரை அங்குலம் வாட்டம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உலர் பகுதிக்கு அதில் பாதி. படுக்கையறைத் தரையைவிடக் குளியலறை வாசலில் முக்கால் அங்குலம் தாழ்வு, நடுவே கிரானைட் பட்டை.

கற்களுக்கு இடையிலான சந்தை நிரப்பும் முன் ஒரு வாளி தண்ணீரைக் கதவோரம் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் உலர் பகுதியில் ஒரு கல்லின் மூலையில் உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றது. மேஸ்திரி துணியால் துடைத்துவிட்டு "காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். எது காய வேண்டும் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் அந்தக் கல்லை எடுத்து மறுபடி ஒட்டினார். சந்து நிரப்பியிருந்தால் அரை நாள் வேலை. குளிக்கும் இடத்துக்கு எப்பாக்சி நிரப்பே போடுங்கள், விலை கூடினாலும்.

11. பொருத்துதல்

கண்ணாடித் தடுப்புக்கு டைல்ஸ் முடிந்த பிறகு அளவெடுக்க வரச் சொல்லுங்கள். பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு சீவ முடியாது. கதவில்லாத 8 மி.மீ. நிலைத்தடுப்பு ஒன்று, 30 அங்குல அகலத்தில், டாய்லெட் பக்கம் மட்டும் வைத்தோம். மிச்சம் 28 அங்குலம் திறப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கண்ணாடிக் கதவின் சக்கரங்களும் கீல்களும் உப்புப் பூத்து இறுகிப்போவதைப் பார்த்துவிட்டுத்தான் கதவை வேண்டாமென்றேன். நிலைத்தடுப்பிலும் உப்புத் திட்டு வரும். குளித்ததும் ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்துவிட வேண்டியிருக்கிறது.

கோப்பையின் அடியைச் சிமெண்டில் புதைக்காமல் திருகாணியும் சிலிக்கானும் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். பிற்காலத்தில் உடைக்காமல் கழற்றலாம். சிலிக்கான் இறுக ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்காக அல்ல, பெரியவர்களுக்காக.

துண்டுக் கம்பி, சோப்புத் தட்டு, கண்ணாடி எல்லாம் மாட்ட வருகிறவர் பெரும்பாலும் புதிய ஆள். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. டேப் தெரியும்படி எடுத்த அந்தப் படங்களைக் கைப்பேசியில் திறந்து, டிரில் சுவரைத் தொடும் முன் அவர் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் அவர் குறித்திருந்த இரண்டாவது துளை, வெந்நீர்க் குழாயின் நேர் மேலே இருந்தது.